செவன்ஸ் ஆடாதே என்றார் கோச்

பாலக்காட்டுக்காரன் என்று சொன்னதும் இங்கே சந்திக்கிற தமிழர்கள் முதலில் கேட்பது, "அப்போ நீங்க மலையாளியா?" இல்லைங்க என்று சொல்லி, கொழிஞ்சாம்பாறை எங்கே இருக்கிறது என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. சினிமா, வாரப்பத்திரிகை, கல்யாணச் சம்பந்தம் எல்லாமே எங்களுக்குக் கிழக்கே பார்த்துத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் மேற்கே பார்த்தோம். பந்து. பொள்ளாச்சியிலிருந்து மாமா பையன்கள் லீவுக்கு வந்தால் கையில் கிரிக்கெட் மட்டையோடு வருவார்கள். எங்களிடம் இருந்தது ஒட்டுப்போட்ட ஒரு ஃபுட்பால். யார் வீட்டு வாசலில் யார் விருந்தாளி என்பதைப் பொறுத்து அன்றைக்கு என்ன விளையாட்டு என்று முடிவாகும்.

இந்தப் பதிவு அந்தப் பந்தைப் பற்றித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், கோச் சொன்ன பேச்சைக் கேட்காமல் பந்தாடிய காலேஜ் பையன்களைப் பற்றி. கேரளாவில் அப்படி ஒரு தலைமுறையே இருந்தது. அவர்களுடைய கதையைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

மலபாரில் பந்து எப்படி வேர் பிடித்தது என்று கேட்டால் பலரும் வெள்ளைக்காரப் பட்டாளத்தையும் மலப்புறத்து மலபார் ஸ்பெஷல் போலீஸையும் கைகாட்டுவார்கள். போலீஸ்காரர்கள் மைதானத்தில் ஆடியதை ஊர்க்காரர்கள் வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆடுவதற்குத்தான் இடமில்லை. பதினோரு பேர் ஆடுகிற அளவுக்குச் சமதளமான மைதானத்துக்குக் கிராமத்தில் எங்கே போவது? அறுவடை முடிந்த வயல் இருந்தது. வரப்புக்கு உட்பட்ட இடம் எவ்வளவோ அவ்வளவுதான் மைதானம். அதில் பதினோரு பேர் நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, பக்கத்துக்கு ஏழு பேர். இதுதான் செவன்ஸ். பதினோரு பேர் ஆடுகிற முறையான ஆட்டத்துக்கு அங்கே பெயர் லெவன்ஸ்.

செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. மைதானம் சின்னது. பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் எதிராளியும் வந்து சேர்ந்துவிடுவான். நெல் அறுத்த தாளில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. மழை ஓய்ந்ததிலிருந்து அடுத்த மழை வரைக்கும் சீசன். மூங்கிலும் பாக்கு மரமும் கட்டி கேலரி போடுவார்கள், ஃபிளட்லைட் போடுவார்கள், டிக்கெட் வைப்பார்கள். மண்ணார்க்காடு, செர்புளச்சேரி, மஞ்சேரி, அரீக்கோடு என்று ஊர்ப்பெயருக்கு முன்னால் மெடிக்கல் ஷாப், ஸ்டூடியோ, டிராவல்ஸ் பெயர்களை ஒட்டிக்கொண்டு டீம்கள் வரும். தோட்டப் பயிரும் மானாவாரியுமாக இருந்த எங்கள் கிழக்குப் பக்கத்தில் பெரிய டோர்னமென்ட் நடக்காது. பார்க்க வேண்டும் என்றால் பஸ் பிடித்து மேற்கே போக வேண்டும்.

இந்தப் பைத்தியத்துக்கு நெய் ஊற்றிய வருடம் 1973. எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் டிராஃபி இறுதியாட்டத்தில் கேரளா 3-2 என்று ரயில்வேஸை வென்று முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. மூன்று கோலும் கேப்டன் டி.கே.எஸ். மணி அடித்தது. அந்த டீமின் கோச் யார் தெரியுமா? சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய தமிழர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி ஏறும். "கோப்பை அவங்களுது, கோச் நம்மாளு" என்பார்கள்.

சரி, பேச்சைக் கேட்காத கதைக்கு வருகிறேன்.

ஃபுட்பால் சங்கங்களின் பார்வையில் செவன்ஸ் அங்கீகாரம் இல்லாத ஆட்டம். பதிவு செய்த ஆட்டக்காரர் செவன்ஸ் மைதானத்தில் பிடிபட்டால் அபராதம் வரும், தடை வரும். காலேஜ் கோச்சுகளுக்கு அதைவிடப் பெரிய கோபம். காரணங்களும் நியாயமானவைதான். வயலில் முழங்காலைத் திருகிக்கொண்டு வந்தால் அந்த வருடம் பையன் காலி. சின்ன மைதானத்தில் ஆடிப் பழகினால் பெரிய மைதானத்தில் நிற்க வேண்டிய இடம் மறந்துபோகும். ஆஃப்சைடே இல்லாமல் ஆடியவன் லெவன்ஸில் வந்து பத்து தடவை கொடி தூக்க வைப்பான்.

ஆனால் பையன் பக்கத்துக் கணக்கு வேறு. செவன்ஸில் ராத்திரி ஆட்டத்துக்கு ராத்திரியே காசு. காலேஜ் டீமில் கிடைப்பது ஒரு ஜெர்சியும், மேட்ச் அன்றைக்குப் புரோட்டாவும். வீட்டில் அப்பா தோட்ட வேலைக்குப் போகிறார் என்றால் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பகலில் காலேஜ் ஜெர்சி, ராத்திரி வேறு ஊரில் வேறு பெயர். மைக்கில் அறிவிப்பவர் "ஷாஜி" என்பார். ஆடுகிறவன் முருகேசனாக இருப்பான். கள்ளப்பெயரில் செவன்ஸ் ஆடாத நல்ல ஆட்டக்காரன் எங்கள் வட்டாரத்தில் அன்றைக்கு அபூர்வம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் படித்த காலேஜ் டீமிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். காலேஜ் பெயரும் வேண்டாம், அவர்கள் பெயரும் வேண்டாம். ஒருவன் லெஃப்ட் விங், இன்னொருவன் லெஃப்ட் பேக். நான் டீமில் இருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. பெஞ்சில், கோச்சுக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் பாத்திரத்தோடு. அதனால்தான் அவர் சொன்னதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது.

சாரின் உத்தரவு எளிமையானது. விங்கில் பந்து கிடைத்தால் கார்னர் கொடிவரை ஓடு, கிராஸ் போடு. லெஃப்ட் பேக் எக்காரணம் கொண்டும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. ஒரு இன்டர்-காலேஜ் மேட்ச்சில் முதல் பாதி முழுக்க இவன் அதையே செய்தான். எதிர் டீம்காரர்கள் என்ன முட்டாள்களா? இரண்டாம் பாதியில் கொடிக்குப் பக்கத்தில் இரண்டு பேரைக் காவலுக்கு வைத்துவிட்டார்கள். இவன் ஓடி வந்தான். சார் கோட்டோரம் நின்று, "பாஸ் கொடுக்கெடா!" என்று கத்தினார். இவன் பந்தைப் பாதத்துக்கு அடியில் நிறுத்தி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, யாரையும் பார்க்காமல் குதிகாலால் பின்னால் தட்டினான். அங்கே யாருமே இருக்கக் கூடாது. இருந்தான் லெஃப்ட் பேக். நடுக்கோட்டைத் தாண்டி முப்பது கெஜம் ஓடி வந்திருந்தான். அவன் போட்ட கிராஸில் கோல்.

பெஞ்சில் நாங்கள் குதித்தோம். சார் குதிக்கவில்லை. அடுத்த மேட்ச்சில் இருவரும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இவிடெ செவன்ஸ் களி வேண்டா" என்றார் சார், அவ்வளவுதான்.

அந்த லெஃப்ட் பேக் அங்கே வருவான் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு சீசன் முழுக்க இருவரும் ஒரே செவன்ஸ் டீமில், கள்ளப்பெயர்களில் ஆடியிருந்தார்கள். சாருக்கும் அது அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

யார் பக்கம் நியாயம்? அவசரப்பட்டு ஆட்டக்காரன் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். கோலுக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் எதிர் டீம் அந்த லெஃப்ட் பேக் விட்டுவிட்டு வந்த இடம் வழியாகத்தான் உள்ளே புகுந்தது. கோல்கீப்பர் புண்ணியத்தில் தப்பித்தோம். சார் பயந்தது வீண் பயம் இல்லை.

இந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆட்டங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டது. மூன்று ஆட்டங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, நம் எல்லோருக்கும் தெரிந்த 1911. ஜூலை 29, கல்கத்தா, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். மோகன் பகான் ஒரு பக்கம், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளம் மறுபக்கம். மோகன் பகானில் பத்து பேர் வெறுங்கால். சுதிர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ். முதல் கோல் பட்டாளத்துக்கு. பிறகு கேப்டன் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். சிவதாஸும் அண்ணன் விஜயதாஸும் இடது பக்கம் அடுத்தடுத்து ஆடியவர்கள், பார்க்க ஒரே சாயல். ஆட்டத்தின் நடுவே இருவரும் இடம் மாற்றிக்கொண்டு, எவரைக் காவல் காப்பது என்று தெரியாமல் பட்டாளத்தைக் குழப்பினார்கள் என்று சொல்வார்கள். கடைசி நிமிடங்களில் சிவதாஸ் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தானே அடித்திருக்கலாம். அடிக்காமல் அபிலாஷ் கோஷுக்குத் தள்ளிவிட்டார். அபிலாஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். 2-1. இந்திய டீம் ஒன்று அந்த ஷீல்டை வென்றது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது, ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1950லிருந்து 1963ல் இறக்கும்வரை இந்தியாவின் கோச். கறாரான மனிதர். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவது அவருக்கு ஆகாது. டிரிப்ளிங்கே கூடாது என்று விதி வைத்து டோர்னமென்ட்கள் நடத்தியவர். எங்கள் காலேஜ் சார் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். ஆனால் அதே ரஹீம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் என்ன செய்தார்? டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடி, தையல் போட்டிருந்தது. அவரைத் தூக்கி முன்வரிசையில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராகவும் அடித்தார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1, தங்கம். அன்றைக்குக் கோலில் நின்றவர் நம்ம பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் தந்த ஆள். ஆக, கறாராக விதி வைத்துப் பழக்கிய ஆசிரியரே, எப்போது மாற வேண்டும் என்று தெரிந்தும் வைத்திருந்தார்.

மூன்றாவது, எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்ப் பார்க்கிற தூரத்தில் நடந்தது. இது அமெரிக்க ஃபுட்பால், கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஆனாலும் இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1982 நவம்பர் 20, பெர்க்லி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும். இன்னும் நான்கு நொடிதான் பாக்கி, ஸ்டான்ஃபோர்டு 20-19 என்று முன்னால். ஜெயித்துவிட்டோம் என்று ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கத் தயாராக நின்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பந்தை உதைத்தது. கெவின் மோயன் பிடித்தார். முன்னால் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை தடவை வேண்டுமானாலும் தரலாம். பிடிபடப்போகிற நேரத்தில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் என்ற ஆட்டக்காரர் மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். கோச் பலகையில் வரைந்து கொடுத்த திட்டம் எதுவும் இல்லை. மோயன் ராட்ஜர்ஸுக்கு, ராட்ஜர்ஸ் கார்னருக்கு, கார்னர் மறுபடி ராட்ஜர்ஸுக்கு, அவர் ஃபோர்டுக்கு, ஃபோர்டு பின்பக்கமாக மோயனுக்கு. ஐந்து கை மாறிய பந்தோடு மோயன் பேண்டு வாத்தியத்துக்குள் புகுந்து, டிராம்போன் ஊதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை இடித்துத் தள்ளி, கோட்டைத் தாண்டினார். 25-20. நடுவில் கார்னரின் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது என்று ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் பிறகும் விடாமல் வாதாடி வந்தார்கள்.

இதெல்லாம் அந்த நொடியில் தோன்றிய அதிசயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். அந்த வருடம் புதிதாக வந்த கோச் ஜோ கேப், ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு வலி போவதற்காகப் பையன்களை ஒரு விளையாட்டு ஆட விடுவார். திட்டம் கிடையாது, இடம் கிடையாது, பிடிபடப்போகிறவன் பந்தை யாருக்காவது தூக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாராவாரம் சிரித்துக்கொண்டே ஆடியதைத்தான் அந்த நான்கு நொடியில் ஆடினார்கள்.

படித்தவுடன் எனக்கு வயல் ஞாபகம்தான் வந்தது. அது செவன்ஸ் அல்லவா!

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டில் பேச்சைக் கேட்காதவன் பந்தைத் தானே வைத்துக்கொள்ளவில்லை, யாரும் எதிர்பாராத ஆளுக்குக் கொடுத்திருக்கிறான். நடுவில் ரஹீம் செய்ததும் யாரும் எதிர்பாராத ஆளை எதிர்பாராத இடத்தில் நிறுத்தியதுதான். கோச் காலமெல்லாம் கத்துவதும் "கொடு" என்றுதானே? எங்கே கொடுப்பது என்பதில் மட்டும்தான் சண்டை. எங்கள் லெஃப்ட் விங்கனும் கொடுக்கத்தான் செய்தான். சார் மனதில் வைத்திருந்த இடத்துக்குக் கொடுக்கவில்லை, அதுதான் குற்றம்.

யாரும் எதிர்பாராத இடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அங்கே ஒருவன் வருவான் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பலகையில் வரைந்து சொல்லித்தர முடியாது. செவன்ஸில் இன்றைக்கு ஒரு டீம், நாளைக்கு வேறு டீம். பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஆளோடு ஆட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அவன் எந்தக் கால்காரன், எப்போது ஓடுவான், எப்போது ஏமாற்றுவான் என்று படித்துவிட வேண்டும். படிக்காவிட்டால் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கோட்டோரம் ஒட்டி உட்கார்ந்திருக்கிற ஜனம் அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடும். இந்தப் பாடத்தை எந்தக் காலேஜும் நடத்தவில்லை. தடை செய்யப்பட்ட இடத்தில்தான் நடந்தது.

செவன்ஸைத் தெய்வமாக்கவும் மாட்டேன். முழங்கால் போனால் கைகொடுக்க யாரும் இல்லை. கள்ளப்பெயருக்கு ஏது இன்சூரன்ஸ்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலைக்குப் போயிருக்க வேண்டிய பையன்கள் ஒரு ராத்திரிக் காசுக்காகக் காலை இழந்து நின்றதுண்டு. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் காளிகாவு பக்கம் கேலரியே சரிந்து நிறையப் பேருக்கு அடிபட்டது. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து சீசன் முழுக்கத் தங்கி ஆடுகிறார்கள். 2018ல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படம் அவர்களைப் பற்றியதுதான். இன்னும் பார்க்காதவர்கள் குடும்பத்தோடு பாருங்கள்.

இங்கே நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலையில் சாக்கர் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்காருகிற அப்பா அம்மாக்கள் எல்லோருக்கும் இது தெரிந்த காட்சி. ஆறு வயதிலிருந்தே கோச், கிளப், கட்டணம், சீருடை, கூம்பு நட்டுப் பயிற்சி. பந்து எந்த நொடியில் எங்கே போக வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கோச் வாயை மூடினால் நாம் ஆரம்பித்துவிடுகிறோம். அப்புறம் பதினாறு வயதில் பையன் சொந்தமாக ஒன்று முயன்று பார்த்தால் பெஞ்சு. வீட்டுக்கு வந்தால் நாமும் "கோச் சொன்னதைக் கேட்கக் கூடாதா?" என்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்காமல் ஆடிப் பார்க்க அவனுக்கு ஓர் இடமும் வேண்டுமே? நமக்கு வயல் இருந்தது. இவனுக்கு எங்கே இருக்கிறது?

எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் போன வசந்தத்திலிருந்து நாங்கள் நான்கைந்து குடும்பங்கள் ஒரு வேலை செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை பந்தைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் தூரமாகப் போய் உட்கார்ந்துகொள்வது. பக்கத்துக்கு ஏழு பேர், ஆஃப்சைடு இல்லை, கோச் இல்லை, விசில் இல்லை. தமிழ், தெலுங்கு, மெக்சிகோ, சீனா என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், ஒவ்வொரு வாரமும் டீம் மாறும். முதல் இரண்டு வாரம் சண்டைதான். மூன்றாவது வாரத்திலிருந்து அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். வாய் திறந்து ஆலோசனை சொல்கிற அப்பா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. இதுவரை அதிகம் செலவழித்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாலக்காடு, மலப்புறம் பக்கத்திலிருந்து வந்து உலகத்தின் எந்த மூலையிலோ இதைப் படித்துக்கொண்டிருக்கிற பழைய செவன்ஸ்காரர்கள் நிச்சயம் இருப்பீர்கள். இனி உங்களைத் தடை செய்ய எந்தச் சங்கமும் வராது. எந்த ஊரில், எந்த டீமுக்கு ஆடினீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். சொந்தப் பெயர் வேண்டாம். அன்றைக்கு மைக்கில் சொன்ன பெயர் போதும்.